திறப்பைக் காருக்குள் விட்டுப் பூட்டினால்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: குடும்பத்தோடு பாசிக்குடாவுக்குப் போயிருந்தோம். திறப்பு உள்ளே கிடக்க, காரின் நான்கு கதவும் பூட்டுப்பட்டுவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவரைப் போனில் கூப்பிட்டுத் தந்தார். வந்தவர் ஸ்குரூ டிரைவரால் கதவின் மேல் மூலையை நெம்பி, கம்பி விட்டுத் திறந்தார். திறந்த பிறகுதான் காசைச் சொன்னார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். பற்றுச்சீட்டும் தரவில்லை. இப்போது மூலையில் பெயின்ற் உரிந்திருக்கிறது, மழைக்கு அந்தப் பக்கத்துச் சீற் நனைகிறது. நட்டஈடு கேட்கலாமா? பேசாமல் கண்ணாடியை உடைத்திருந்தால் மலிவாக முடிந்திருக்குமோ?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: கேட்கலாம், தயங்காமல் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கடையில் வாங்கும் பொருளுக்கு மட்டும் உரியதல்ல. காசு கொடுத்துச் செய்விக்கும் வேலைக்கும் அது பொருந்தும். அந்த வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், வேலை நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் நாளைக் கடத்தாதீர்கள். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

பற்றுச்சீட்டு இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். அவருக்கு எடுத்த அழைப்பு உங்கள் போனில் இருக்கும். கூப்பிட்டுத் தந்த கடைக்காரர் சாட்சி. கதவு மூலையை இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஆனாலும் முதலில் அந்த மனிதரோடு நேரில் பேசுங்கள். கதவோர றப்பரும் பெயின்ற் வேலையும் அவர் பொறுப்பு என்று சொல்லுங்கள். அவர் மறுத்தால் மத்தியஸ்த சபைக்குக் கொண்டு போகலாம். இந்த அளவு பிணக்குக்கு வழக்கறிஞரும் நீதிமன்றமும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

நெம்பித் திறப்பது என்பதே பிழையான வழி அல்ல. சரியாகச் செய்பவர் முதலில் கதவின் மேல் மூலையில் மென்மையான பிளாஸ்ரிக் ஆப்பு ஒன்றைச் செருகுவார். பிறகு தட்டையான காற்றுப் பையை அந்த இடுக்கில் வைத்து, கையால் அமுக்கி அமுக்கிக் காற்றேற்றுவார். ஒரு விரல் நுழையும் இடைவெளி வந்ததும், பெயின்ற் கீறாதபடி உறையிட்ட நீளக் கம்பியை விட்டு, பூட்டுப் பொத்தானை அழுத்துவார் அல்லது உட்பிடியை இழுப்பார். பையின் காற்றை இறக்கினால் கதவு பழைய இடத்துக்கே வந்துவிடும். வெறும் ஸ்குரூ டிரைவர் அப்படியல்ல. முழுப் பாரமும் ஒரே புள்ளியில் விழுவதால் றப்பர் கிழியும், பெயின்ற் உரியும், கதவுச் சட்டமும் வளையும். கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே தட்டையான தகட்டை இறக்கும் பழைய முறையையும் இன்றைய கார்களில் அனுமதிக்காதீர்கள். கதவுக்குள்ளே வயர்கள் ஓடுகின்றன, சில கார்களில் விபத்தின்போது விரியும் பக்கக் காற்றுப் பைக்கான உணரியும் அங்கேதான் இருக்கிறது.

இனி உங்கள் கதவுக்கு வருவோம். ஒரு கடதாசித் துண்டை றப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல இடத்தில் இறுக்கிப் பிடிக்கும். வழுக்கிக்கொண்டு வந்தால் தண்ணீர் வரும் வழி அதுதான். அந்த மூலையில் மட்டும் அப்படியென்றால் றப்பரை மாற்றினால் போதும். மேல் விளிம்பு முழுக்க வழுக்கினால் சட்டமே வளைந்திருக்கிறது. கராஜில் காட்டி நிமிர்த்த வேண்டும். பெயின்ற் உரிந்த இடத்துக்கு இந்தக் கிழமையே பிறைமராவது அடித்துவிடுங்கள். நம்முடைய கடற்காற்றுக்கும் மார்கழி மழைக்கும் வெறும் தகடு தாங்காது.

கண்ணாடி விடயம்: அவசரமில்லாத நேரத்தில் உடைப்பது நட்டம். பின்னாலுள்ள சின்ன முக்கோணக் கண்ணாடி மலிவு என்று பலர் அதைத்தான் குறிவைக்கிறார்கள். ஒட்டிப் பொருத்தும் அந்தக் கண்ணாடி தேடி எடுப்பதற்கும் கஷ்டம், பல கார்களுக்கு விலையும் கூட.

ஆனால் உள்ளே பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். திறப்புக்காரர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிள்ளைக்கு மிகத் தூரத்திலுள்ள கதவுக் கண்ணாடியை, நடுவில் அல்ல மூலையில், கூரான இரும்பால் அடியுங்கள். முன் கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள், அது இரண்டு படையாக ஒட்டியது, வெடிக்குமே தவிரக் கொட்டாது. அடிக்கும்போதே இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கட்டும்.

அடுத்த முறை யாரையும் கூப்பிடும்போது, வருகைச் செலவோடு மொத்தம் எவ்வளவு, காற்றுப் பை வைத்திருக்கிறாரா, பற்றுச்சீட்டு தருவாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நல்ல வேலைக்காரர் உங்களிடமும் கேட்பார்: இது உங்கள் கார்தானா என்று. அடையாள அட்டையைக்கூடப் பார்க்காமல் கதவைத் திறப்பவர் நாளைக்கு வேறொருவருக்காக உங்கள் காரையும் திறப்பார். வாகனப் பதிவுப் புத்தகத்தின் படம் ஒன்று போனில் இருக்கட்டும்.

கேள்வி: பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் ஜப்பான் கார். ரிமோட் திடீரென்று வேலை செய்யவில்லை, கதவு திறக்கவேயில்லை. கராஜ்காரரைக் கூப்பிடுவதுதான் வழியா?
— வாசகி, கல்முனை

பதில்: அநேகமாக ரிமோட்டின் பற்றரி முடிந்திருக்கும். ரிமோட்டின் ஓரத்திலுள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளினால் உள்ளிருந்து இரும்புத் திறப்பொன்று வெளியே வரும். சாரதிக் கதவில் அதற்கான துளை இருக்கும். சில கார்களில் கைப்பிடியோரத்துச் சின்ன மூடிக்குள் மறைந்திருக்கும். கதவைத் திறந்து ஏறி, பிரேக்கை மிதித்தபடி ரிமோட்டையே ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பெரும்பாலான ஜப்பான் கார்கள் ஸ்டார்ட் ஆகும். பிறகு புதிய பற்றரி போடுங்கள். 2032, 1632 என்று இலக்கம் காருக்குக் கார் மாறும், பழையதைக் கையில் கொண்டு போய் வாங்குங்கள்.

கேள்வி: பார்த்து வைத்திருக்கும் பழைய காருக்கு ஒரே ஒரு திறப்புத்தான் உண்டாம். வாங்கலாமா?
— வாசகர், ஆலையடிவேம்பு

பதில்: வாங்கலாம், ஆனால் இரண்டாவது திறப்புக்கான செலவை விலையில் கழித்துக்கொண்டு. அந்தச் செலவை முற்பணம் கொடுக்குமுன் விசாரித்துவிடுங்கள். இன்றைய திறப்புக்குள் ஒரு சிப் இருக்கிறது; இரும்பை மட்டும் வெட்டினால் கதவு திறக்கும், எஞ்சின் எழும்பாது. கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றைப் பதிவது சுலபம். அந்த ஒன்றும் தொலைந்தால் வேலையும் காசும் பல மடங்கு. பதிகிறவரிடம், காரில் இப்போது எத்தனை திறப்புகள் பதிவாகியிருக்கின்றன என்று கணினியில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கையில் இல்லாததை எல்லாம் அழிக்கச் சொல்லுங்கள். ரிமோட்டுக்குள் இரும்புத் திறப்பு இருக்கிறதா, அது சாரதிக் கதவில் உண்மையிலேயே திரும்புகிறதா என்பதையும் விற்பவர் முன்னிலையில் பார்த்துவிடுங்கள். வருடக்கணக்கில் பாவிக்காத பூட்டு இறுகிக் கிடக்கும்.