சொந்தத் தளத்தில் வீடியோ போட ஸ்ட்ரீமிங் சர்வர் கட்டாயமா?

எம்பி4 கோப்பைத் தளத்தில் ஏற்றினேன், ப்ளே அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வீடியோ அனுப்புவதற்கென்றே இருக்கும் ஸ்ட்ரீமிங் சர்வர் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என் ஆசிரியர் ஓய்வு பெறும் முன் எடுத்த 40 நிமிடப் பாடத்தைத் தளத்தில் போட்டேன். விநாடிக்கு 5 மெகாபிட், மொத்தம் 1.5 ஜிபி. மாணவர்கள் எல்லாரும் "ஓடவே மாட்டேங்குது" என்றார்கள். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினேன். "உங்கள் இணைய வேகம் குறைவு, கேஷை அழித்துப் பாருங்கள்" என்று மூன்று முறையும் ஒரே பதில். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்து விவரமாக எழுதியவனின் கடிதத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் பதில் அனுப்புவது எந்தத் தொழிலிலும் நியாயமில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில், எந்தக் கோப்பு எப்படி வருகிறது என்று காட்டும் பிரௌசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து நானே பார்த்தேன். எம்பி4 கோப்புக்குள் 'மூவ்' (moov) என்று ஒரு பகுதி உண்டு. எந்த ஃபிரேம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அது. பதிவு முடிந்த பிறகுதான் எழுத முடியும் என்பதால் பல மென்பொருள்கள் அதைக் கோப்பின் வாலில் வைத்துவிடுகின்றன. அது கைக்கு வராமல் பிளேயரால் ஒரு ஃபிரேம்கூடக் காட்ட முடியாது. சரி, வாலை மட்டும் முதலில் கேட்டு வாங்கலாமே என்றால், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கையை சர்வர் ஏற்று, 206 (கேட்ட பகுதி இதோ) என்று பதில் தர வேண்டும். என்னுடையது 200 (முழுக் கோப்பும் இதோ) என்று சொல்லி 1.5 ஜிபியையும் தலையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' கொடுத்து அட்டவணையை முன்னால் கொண்டுவந்தேன். மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே நகல் எடுத்ததால் தரம் துளியும் குறையவில்லை. அப்புறம் ரேஞ்ச் தரும் சர்வருக்கு மாறினேன்.

யூடியூபில் ஏற்றி எம்பெட் செய்யலாமே என்பீர்கள். தெரியும். பாடத்துக்கு நடுவே விளம்பரம் வருவதை ஆசிரியர் விரும்பவில்லை, எனக்கும் மனசில்லை. வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் எச்எல்எஸ் முறைதான் சரி என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. வீடியோவை இரண்டு மூன்று தரத்தில், 6 விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்தால், சிக்னல் குறையும்போது பிளேயர் தானே குறைந்த தரத் துண்டுக்கு இறங்கிக்கொள்ளும். போனில் பார்ப்பவர்கள் அதிகம் என்றால் கட்டாயம் செய்யுங்கள். அதற்கும் சாதாரண வெப் சர்வரே போதும், துண்டுகள் வெறும் கோப்புகள்தானே. நேரலை என்றால் கதை வேறு.

மாற்றிய அன்று ஆசிரியர் தன் போனில் 32-வது நிமிடத்துக்கு இழுத்துப் பார்த்தார். கரும்பலகையில் பாதி வரைந்த படத்தோடு, வட்டமே சுற்றாமல், அங்கிருந்தே ஓடியது.