மாசுக்கு விலை வைத்தால்: வன்னி வாசகர் கேள்விகள்

கே: மாசு விட அனுமதி விற்றால், காசுள்ளவர் நினைத்தபடி புகை விடலாம் என்றுதானே பொருள்? (பரந்தன்)

ப: உச்சவரம்பு இல்லாவிட்டால் அப்படித்தான். மொத்த அளவுக்கு வரம்பு கட்டிய பிறகுதான் வியாபாரம். இரண்டு ஆலைகள் ஆண்டுக்குத் தலா 100 தொன் விடுகின்றன என்று வைப்போம். மொத்தம் 140ஐத் தாண்டக்கூடாது. ஓர் அனுமதிக்கு ஒரு தொன், ஆளுக்கு 70 அனுமதி. ஒரு தொன் குறைக்க முதல் ஆலைக்கு 8,000 ரூபாய், மற்றதற்கு 30,000. தனித்தனியே 30 தொன் குறைத்தால் இருவருக்குமாக 1,140,000 ரூபாய் போகும். முதல் ஆலையே 60 தொன்னையும் குறைத்தால் செலவு 480,000தான். மிஞ்சும் 30 அனுமதியை 18,000 ரூபாய்ப்படி விற்றால், குறைத்த செலவு போக முதல் ஆலையின் கையில் 60,000 நிற்கும். வாங்கியவருக்கு 360,000 மிச்சம். காற்றில் கலப்பது எப்படியும் 140 தொன்.

கே: இந்த முறை அமெரிக்காவில் சரிவந்தது, ஐரோப்பாவில் ஏன் அனுமதி விலை விழுந்தது? (மாங்குளம்)

ப: புகையை அளந்த விதம்தான் காரணம். அமெரிக்கா 1995இல் மின்நிலையங்களின் கந்தகவீரொட்சைட்டுக்கு இதைத் தொடங்கியபோது புகைபோக்கியிலேயே அளவுகருவி இருந்தது. மீறினால் தொன்னுக்கு 2,000 டொலர் தண்டம், அடுத்த ஆண்டு அனுமதியிலும் வெட்டு. ஐரோப்பா 2005இல் உறுதியான கணக்கு இல்லாமலே அனுமதியை அள்ளிக் கொடுத்தது. மிஞ்சியதை 2008க்குக் கொண்டுபோகவும் விடவில்லை. 2007இல் விலை ஏறக்குறையப் பூச்சியம்.

கே: அரிசி ஆலையின் ஊறல் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் விழுகிறது. அனுமதி வாங்கி அவர்கள் தப்பலாமா? (வவுனியா)

ப: இல்லை. இலங்கையில் அப்படி ஒரு சந்தை கிடையாது. கழிவு விட ஆலை பெறும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் விற்கும் பொருளும் அல்ல. காபனீரொட்சைட்டை எங்கே விட்டாலும் விளைவு ஒன்றுதான். வாய்க்கால் அழுக்கோ கீழ்வயல்காரர் தலையில் விடியும். அதை வேறோர் ஊரில் ஈடுகட்ட முடியாது. திகதி, நேரம், படத்துடன் பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுதுங்கள்.

கே: வயலில் மெதேனைக் குறைத்தால் காபன் காசு வருமாமே? (முரசுமோட்டை)

ப: அது அனுமதி அல்ல, வரவு. குறைத்ததாக நிரூபித்தால் மட்டுமே கிடைப்பது. நீர் நின்றுகொண்டே இருக்கும் சேற்றில்தான் மெதேன் உண்டாகும், ஆகவே வயலை இடையிடையே காயவிட வேண்டும். வேலை எளிது: நீர்மட்டம் பார்க்க 30 சென்ரிமீற்றர் நீளப் பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, 15 சென்ரிமீற்றர் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். நீர் நிலமட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கியதும் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பாய்ச்சலாம். பூக்கும் காலத்துக்கு ஒரு கிழமை முன்னும் பின்னும் காயவிட வேண்டாம், மணி பதராகும். ஆரம்பக் கிழமைகளிலும் வேண்டாம், களை ஏறும்.

காலபோகத்தில் மழை நம்மைக் கேட்டுப் பெய்வதில்லை. ஆகவே இது சிறுபோக வேலை. அப்போதும் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை பிந்தினால் விளைச்சல் அடிபடும்.

பெரிய சிக்கல் வேறு. ஏற்கெனவே தண்ணீர்த் தட்டுப்பாட்டால் இடையிடையே காய்ந்த வயலென்றால் புதிதாகக் குறைத்தது எதுவுமில்லை, வரவும் இல்லை. சரிபார்ப்புச் செலவை ஒருவர் தாங்க முடியாது. கமக்காரர் அமைப்பாக, ஒரே வாய்க்காலின் வயல்கள் சேர்ந்து, விதைத்த நாள், நீர்மட்டம், பசளை என்று வயல்வாரியாகக் குறித்து வைக்க வேண்டும். முன்பணம் கேட்டு வருபவரிடம், திட்டம் எந்தக் காபன் வரவுப் பதிவேட்டில், என்ன இலக்கத்தில் இருக்கிறதென்று முதலில் கேளுங்கள்.