படங்களை அழித்தும் இடம் காலியாகவில்லையா?

நானூறு படங்களை அழித்த பிறகும் 'இடம் போதவில்லை' என்றே போன் சொல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போனில் கோளாறு இருக்காது. அழித்த படங்கள் உடனே போய்விடுவதில்லை, குப்பைத்தொட்டியில் உட்கார்ந்திருக்கும். கூகுள் போட்டோஸில் காப்பு (பேக்கப்) எடுத்த படம் என்றால் 60 நாள், எடுக்காததென்றால் 30 நாள். அதுவரை இடத்தை விடாது. உள்ளே போய் அந்தத் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: காப்பு எடுத்த படத்தை கூகுள் போட்டோஸில் சாதாரணமாக அழித்தால், மேகக்கணியில், அதாவது இணையத்தில் சேமித்த பிரதியும் போய்விடும். போனில் மட்டும் நீக்க, இடத்தை விடுவிக்கும் தேர்வு தனியாக இருக்கிறது. இது தெரியாமல் நானே ஒரு பயணத்தின் படங்களை முழுசாக இழந்தேன்.

அப்புறம் வாட்ஸ்அப். பெரும்பாலும் உண்மையான திருடன் இவன்தான். அமைப்புகளில் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்தால், 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைத் தனியாகக் காட்டும். ஒரே காலை வணக்க வீடியோ நாலு குழுவிலிருந்து வந்து கிடக்கும்! அங்கிருந்தே மொத்தமாக அழிக்கலாம்.

கேஷை, அதாவது செயலிகள் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகளை, அழிப்பதில் பயமில்லை. பக்கத்திலேயே இருக்கும் 'தரவை அழி'யைத் தொட்டுவிடாதீர்கள், செயலி புதிதாகப் போட்டதுபோல் ஆகிவிடும்.