சக்கரத்துக்கு எதற்கு ஆதார் கார்டு?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். தொழில் மந்தம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து ‘தன ஆகர்ஷண சக்கரம்’ வாங்க 1,100 ரூபாய் அனுப்பினேன். பேர் எழுதிப் பூஜை செய்ய வேண்டும் என்று ஆதார் இரண்டு பக்கம், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், ஆதாரைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ, பிறந்த தேதி, அம்மா பெயர் எல்லாம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். சக்கரம் வரவில்லை. கேட்காமலே ஓடிபி வருகிறது. நேற்று கணக்கில் யாரோ 4,200 ரூபாய் போட்டிருக்கிறார்கள். இனி என்ன செய்வது? கல்லாவில் ஏலக்காய், பச்சைக் கற்பூரம் வைக்கிறோமே, அதையும் எடுத்துவிட வேண்டுமா?

பதில்: முதலில் அந்த 4,200 ரூபாயைத் தொடாதீர்கள். இப்படிப் பணம் வந்ததும் சக்கரம் பலித்துவிட்டது என்று நம்பிச் செலவழித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் இரண்டு வழியில் வந்திருக்கும். ஒன்று, உங்கள் பெயரில் கடன் செயலி ஒன்றில் யாரோ கடன் வாங்கியிருக்கலாம். ‘செயலாக்கக் கட்டணம்’ போக மீதியைக் கணக்கில் போட்டுவிட்டு, ஒரே வாரத்தில் முழுத் தொகையையும் கேட்டு மிரட்டுவார்கள். இன்னொன்று, வேறொருவரிடம் திருடிய பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கடத்தப் பார்க்கலாம். அப்படியானால் “தவறுதலாகப் போட்டுவிட்டேன், இந்த நம்பருக்கு அனுப்பிவிடுங்கள்” என்று போன் வரும். அனுப்பினால் திருட்டுப் பணம் கைமாற நீங்கள் உதவியதாகும். உங்கள் கணக்கு முடக்கப்படலாம். யார் கேட்டாலும் நேரடியாக அனுப்ப வேண்டாம். வங்கிக் கிளைக்குப் போய், “இந்தத் தேதியில் எனக்குத் தெரியாத வரவு, பரிவர்த்தனை எண் இது, அனுப்பியவர் யார் என்று தெரிவித்து உரிய வழியில் திருப்புங்கள்” என்று எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

கிளைக்குக் கிளம்பும் முன்பே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அனுப்பிய 1,100 ரூபாயின் பரிவர்த்தனை எண், சக்கரக்காரரின் வாட்ஸ்அப் எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கட்டும். உரையாடலை அழிக்க வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். அம்மாப்பேட்டை என்பதால் சேலம் மாநகர சைபர் கிரைம் போலீஸ் உங்கள் புகாரைப் பார்க்கும். ஏற்காட்டுக்காரர் என்றால் மாவட்ட போலீஸ். அடுத்தவர் அடையாளத்தை ஏமாற்றிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஏமாந்ததற்கு வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைப்பதுதான் இவர்களுக்கு மிகப் பெரிய உதவி.

இனி, கொடுத்த காகிதங்கள் ஒவ்வொன்றாலும் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஆதார் எண்ணை மட்டும் வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது. ஆனால் ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் சேர்ந்தால் ஓடிபி இல்லாமலே ஆதார் வழிப் பணமெடுப்பு நடக்கும். எண்ணும் வங்கியும் இப்போது அவர்களிடம் இருக்கின்றன. கைரேகையைப் பத்திர நகலிலிருந்து அச்செடுத்த மோசடிகள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. அதனால் இன்றே ஆதார் ஆணையத்தின் செயலியில் ‘பயோமெட்ரிக் லாக்’ என்ற கைரேகைப் பூட்டைப் போடுங்கள். சந்தேகம் என்றால் ஆதார் உதவி எண் 1947-ல் கேட்கலாம். போட்டபின் ரேஷன் கடையில் ரேகை ஏற்காது. கருவி பழுது என்று நினைத்து அலைய வேண்டாம். வரிசையில் நிற்கும்போது தற்காலிகமாகத் திறந்தால் போதும். அதே இடத்தில் ‘சரிபார்ப்பு வரலாறு’ இருக்கும். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்று அதில் தெரியும். உங்களுக்குத் தெரியாத பதிவு இருந்தால் குறித்துப் புகாரில் சேருங்கள்.

ஆதாரைப் பிடித்தபடி எடுத்த போட்டோதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கார்டு நகலை வைத்து ஏமாற்ற முடியாத இடத்திலும் அது ‘ஆள் நேரில் இருக்கிறார்’ என்று காட்டப் பயன்படும். பான் எண்ணோடு சேர்ந்தால் கடன் விண்ணப்பம் தயார். யார் பெயரில் என்ன கடன் என்று பதிந்து வைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். இப்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். மதிப்பெண்ணைப் பார்த்து மூடிவிடாமல், உங்கள் பெயரில் வந்த கடன் விண்ணப்பத்துக்காக யார் அறிக்கை கேட்டார்கள் என்று காட்டும் ‘விசாரணைகள்’ பகுதிக்குப் போங்கள். நீங்கள் கேள்விப்படாத நிறுவனத்தின் பெயர் முதலில் அங்கேதான் தென்படும். இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்தவருக்கும் மறுப்பு அனுப்புங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி.

அம்மா பெயரும் பிறந்த தேதியும் பல வங்கிகளின் அடையாளக் கேள்விகள். அதனால் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் பூட்டு உங்கள் சிம்தான். சிக்னல் உள்ள இடத்தில் திடீரென்று மணிக்கணக்கில் நெட்வொர்க் போனால், உங்கள் எண்ணுக்கு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம்; டவர் கோளாறு என்று காத்திராமல் வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பாருங்கள். ஏற்காடு எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: சாலையோரக் குடையில் சிம் வாங்கும்போது “ரேகை விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்” என்று சொன்னால், இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம் பிறந்திருக்கலாம்.

பணம் போனால் மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட வேண்டும். தவறு உங்கள் பக்கமும் வங்கி பக்கமும் இல்லாதபோது இழப்பு உங்கள் தலையில் விழாது என்கிறது 2017-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பு உங்களுடையது.

ஏலக்காய்க்கு வருவோம். கல்லாவில் ஏலக்காய், பச்சைக் கற்பூரம், வெள்ளிக்கிழமை கல் உப்பு, கோட்டை மாரியம்மனிடம் வைத்து எடுத்த எலுமிச்சை எல்லாம் தாராளமாக இருக்கட்டும். அவற்றால் பணம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். அவை யாரிடமும் உங்கள் பான் எண்ணைக் கேட்பதில்லை. நம்பிக்கை வீட்டைத் தாண்டும்போதுதான் விபரீதம். ‘786’ எண் நோட்டுக்கும் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்க்கும் லட்சம் தருகிறோம் என்று முன்பணமும் ஆதாரும் கேட்பது இதே கும்பலின் வேலை. பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தாங்கள் கமிஷன் எதுவும் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. அதிர்ஷ்டம் தரும் என்று மண்ணுளிப் பாம்பு, நரிக்கொம்பு தேடிப் போனால் பணம் போவதோடு வனத்துறை வழக்கும் வரும். ராசி எண் என்று 1008-ஐயோ பிறந்த தேதியையோ ஏடிஎம் பின்னாக வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்; உங்கள் பிறந்த தேதி அவர்களிடம் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வைத்த பாஸ்புக்கை ஸ்டேட்டஸில் போடுவதையும் விட்டுவிடுங்கள்.

இனி யாருக்கு நகல் கொடுத்தாலும் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள். பெரும்பாலான இடங்களில் அது போதும். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பிரிண்ட் வந்ததும் அவர்கள் கம்ப்யூட்டரிலும் அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த சில வாரத்தில் கடன் வசூல் என்று யாராவது அழைத்தால் 1930 புகார் எண்ணைச் சொல்லி, கடன் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். தொல்லை தீரட்டும் என்று நூறு ரூபாய்கூடக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.