ஊருக்கு எழுதும் கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 25 வயது. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தான். இப்போது மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக் கப்பலில் இரண்டு வருஷம் ஊழியம் செய்ய மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன் போகிறேன் என்கிறான். சம்பளம் கிடையாது, செலவையும் அவனே திரட்ட வேண்டுமாம். அதற்காக அவன் அச்சடித்த தாளை இணைத்திருக்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர், வருஷா வருஷம் ஓரியூர் போகிறவர்கள். ஆனாலும் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. யாரோ மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்கிறார் சித்தப்பா. மதமாற்ற வேலை என்று பேச்சு வருமோ என்று எனக்கும் பயம். அவனைத் தடுக்கட்டுமா?

ஆர்., தேவகோட்டை

அன்புள்ள ஆர்.,

தடுக்க வேண்டாம். 25 வயதுப் பையனைத் தடுக்க அப்பாவுக்கே உரிமை கிடையாது, அக்காவுக்கு எங்கிருந்து வரும்? சித்தப்பாவுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். இதே பையன் மஸ்கட்டுக்குப் போயிருந்தால் அவரே முதல் ஆளாக வழியனுப்ப வந்திருப்பார். மதமாற்றப் பேச்சு வரும், வரட்டும். உதடு பிளந்து பிறந்த குழந்தைக்குக் காசு வாங்காமல் அறுவை செய்கிற கப்பல் அது. 1978இல் தொடங்கிய நிறுவனம். விசுவாசத்தால் செய்கிறோம் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

அம்மாவிடம் மட்டும் மெதுவாகப் பேசுங்கள். நீங்கள் வருஷா வருஷம் போகிற ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட போர்ச்சுக்கீசியக் குரு அருளானந்தர், 26 வயதில் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியவர். அவருடைய தாயும் மகனைப் போகவிடாமல் நிறுத்த ஆனமட்டும் முயன்றவர்தான். பெற்றவள் அழுவதைப் பக்திக் குறைவென்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் உட்கார்ந்து பதில் எழுதக் காரணம் அந்தத் தாள்.

அதில் ஒரு கறுப்பினக் குழந்தை. மேலே சட்டையில்லை, கண்ணோரம் ஈ. கீழே, இருளில் தவிக்கும் இவர்களுக்கு ஒளியேற்ற என்னை அனுப்புங்கள் என்று பெரிய எழுத்து. தம்பி இன்னும் அந்த நாட்டில் காலே வைக்கவில்லை. அந்தக் குழந்தை யார், எந்த ஊர், இப்போது உயிரோடு இருக்கிறதா, ஏதாவது தெரியுமா அவனுக்கு? எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறான். பார்த்ததும் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மாதிரித் தாள்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அச்சாகின. அவற்றில் இருந்தது நம் பாட்டன் பாட்டிகள். மொட்டையடித்த விதவை, கோரமாக வரைந்த சாமி, அம்மணக் குழந்தை. அதைக் காட்டித்தான் அங்கே தேவாலயங்களில் காணிக்கை சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் நமக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் அப்படிக் காட்டப்பட்டவர்களின் பேரன், இன்னொருவர் பிள்ளையை அதே மாதிரி காட்டலாமா?

அவனிடம் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய மிஷனரியைப் பற்றிச் சொல்லுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது 23. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். நம் வழிபாடு தவறு என்று உறுதியாக நம்பியவர், அதை மாற்றவே வந்தவர். ஆனாலும் ஓலைகளைத் தேடிப் படித்து, ஆட்களிடம் கேட்டுக் கேட்டு, நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அந்த ஊழியத்தைத் தாங்கிய பிராங்கே என்ற போதகர் அதை அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் ஆள் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் நினைப்பு. புத்தகம் அச்சேறியது 1867இல். எழுதியவரோ 36 வயதிலேயே போய்விட்டார். செலவுக்குக் காசு அனுப்புகிறவர்கள் எதைப் படிக்க விரும்புவார்கள் என்று தெரிந்தும், தான் கண்டதை எழுதுவதற்கு அந்த வயதில் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

தூர தேசம் போனவர்கள் ஊருக்கு என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், மீசை முளைக்காத வயதில் செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, எடுபிடி வேலைக்கு, பர்மாவின் மோல்மேனுக்குப் போனவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்து வருவார், மறுபடி போவார். அவர் எழுதிய கடிதக் கட்டு பெட்டகத்தில் கிடைத்து, படித்துக்கொண்டிருக்கிறேன். வட்டி, உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு, நெல் விலை, தண்டாயுதபாணி கோயில் பூசை, இன்னார் ஊருக்குத் திரும்புகிறார் என்ற செய்தி. கடன் பற்று எழுதிய இடத்தைத் தவிர ஒரு பர்மாக்காரர் பெயர் எங்கும் இல்லை. பக்கத்து வீட்டில் என்ன சமைத்தார்கள், பிள்ளைகள் தெருவில் என்ன விளையாடினார்கள், ஒரு வரி கிடையாது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்து 1938இல் 25 பங்கானது. ஐயாவின் கடிதங்களில் அந்த வயல்கள் ஏக்கர் கணக்காக இருக்கின்றன, உழுதவரைக் காணோம். எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். குறை சொல்ல மனம் கூசுகிறது. ஆனாலும் படிக்கப் படிக்கத் துக்கமாக இருக்கிறது.

தம்பியும் பணம் தருகிறவர்களுக்கு மாதாமாதம் ஜெபக் கடிதம் எழுதப்போகிறான். படிப்பவர் கண்ணில் நீர் வந்தால் பணம் வரும் என்பதைச் சீக்கிரம் கண்டுகொள்வான். அங்கேதான் அவன் கவனமாக இருக்க வேண்டும். போவதற்கு முன்பே, அந்த நாட்டு மக்கள் பேசும் கிரியோ மொழியைக் கற்கத் தொடங்கட்டும். அங்கே ஆட்சிமொழி ஆங்கிலம்தானே, சமாளித்துவிடலாம் என்று இருந்துவிட வேண்டாம். வார்டில் படுத்திருக்கும் கிழவி தன் வலியை ஆங்கிலத்தில் சொல்லமாட்டாள். கூட வேலை செய்யும் அந்த ஊர் நர்சிடம் என்ன கற்றுக்கொண்டான் என்பதைக் கடிதத்தில் எழுதட்டும். நோயாளியைக் கேட்காமல் படமெடுக்கவே கூடாது.

அந்தத் தாளை மாற்றி அச்சடிக்கச் சொல்லுங்கள். குழந்தையை எடுத்துவிட்டுத் தன் படத்தைப் போடட்டும். தனக்கு என்ன வேலை தெரியும், இரண்டு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று எழுதட்டும். அது என் கைக்கு வந்தால் என்னாலானதை நானும் தருகிறேன். இந்தத் தாளுக்குத் தரமாட்டேன்.