நட்சத்திரத்தைக் காட்ட லேசர் அடிக்கலாமா?

கேள்வி: மாதம் ஒருமுறை பள்ளி மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறோம். பச்சை லேசர் ஒன்று வாங்கலாம் என்றால் தலைமையாசிரியர், "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று மறுக்கிறார். அவர் சொல்வது சரியா?
- ஓர் அறிவியல் ஆசிரியை, தாம்பரம்

பதில்: சரிதான். அதுவும் தாம்பரத்தில் ரொம்பவே சரி. ஒரு பக்கம் மீனம்பாக்கம், பக்கத்திலேயே விமானப்படைத் தளம். 2025 மே மாதம் துபாயிலிருந்து வந்த விமானம் சென்னையில் இறங்கும் நேரத்தில் பரங்கிமலைப் பக்கமிருந்து யாரோ பச்சை லேசர் அடித்தார்கள், அதற்கப்புறம் விமான நிலையத்தைச் சுற்றி லேசருக்குப் போலீஸ் தடை போட்டது. அதனால் உங்கள் மாடியில் லேசர் வேண்டவே வேண்டாம். ஜவ்வாது மலை மாதிரி ஊர் வெளிச்சம் இல்லாத இடத்துக்கு முகாம் போனால் எடுத்துப் போங்கள்.

காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கீழே நின்று பார்க்கும்போது கதிர் நட்சத்திரத்தில் போய் முட்டி நிற்பது போலத் தெரியும். உண்மையில் அது நிற்பதில்லை, போகப் போக அகலமாகிக்கொண்டே போகும். சாதாரணக் கையடக்க லேசர் ஒரு கிலோமீட்டர் தாண்டும்போது சுமார் ஒரு மீட்டர் அகல வட்டமாகிவிடும். அது விமானியின் முன்கண்ணாடியில் பட்டால் கண்ணாடி முழுக்கப் பச்சையாகப் பளீரிடும், ஓடுபாதை விளக்குகள் அதில் மறைந்துபோகும். 5 மில்லிவாட் லேசரே 350 மீட்டர் தூரம் வரை கண்ணைக் கூச வைக்கும், மூன்றரை கிலோமீட்டர் வரை கவனத்தைச் சிதறடிக்கும். இறங்குகிற விமானத்துக்கு அந்த உயரம்தான் முக்கியமான உயரம்.

எனக்கே ஒருமுறை நடந்தது. மேற்கே அசையாமல் பிரகாசமாக நின்ற ஒன்றை வியாழன் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டேன். விரல் பட்டன் மேல் இருக்கிறது. முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி, "சார், அது பெருசாகுது" என்றாள். நம்மை நோக்கி நேராக வரும் விமானத்தின் விளக்கு நகராது, நட்சத்திரம் போலவே நிற்கும். அன்றிலிருந்து ஒரு நிமிடம் முழுசாக வானத்தைப் பார்க்காமல் நான் பட்டனைத் தொடுவதில்லை, பக்கத்தில் ஒருவரை விமானம் பார்க்க மட்டுமே நிறுத்தி வைக்கிறேன். சிலி நாட்டுப் பெரிய தொலைநோக்கிகளில் 22 வாட் லேசர்களை வானில் செலுத்துகிறார்கள், அவர்களும் விமானம் அருகில் வந்தால் அணைத்துவிடுவார்கள்.

முகாமில் லேசர் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். நாலைந்து நொடி அழுத்தி, நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, விட்டுவிடுங்கள். அடிவானம், மலைச்சரிவு பக்கம் திருப்பாதீர்கள், அங்கே வீடு இருக்கும், ஆள் இருப்பார். பக்கத்தில் யாராவது கேமரா வைத்து வானத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், ஒரு பச்சைக் கோடு விழுந்தால் அந்தப் படம் போச்சு.

மாடியில் என்ன செய்வது என்கிறீர்களா? கை போதும். நீட்டிய கையின் முஷ்டி அகலம் வானத்தில் 10 டிகிரி. ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் மூன்று நட்சத்திர இடைப்பட்டையைப் பிடித்து ஒரு பக்கம் இரண்டு முஷ்டி போனால் சிரியஸ், எதிர்ப்பக்கம் அதே இரண்டு முஷ்டியில் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கொத்து. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்போது வரும் சத்தத்தை லேசரால் வாங்கித் தர முடியாது.

கேள்வி: திருவிழாக் கடையில் வாங்கிய பச்சை லேசரில் 5 மில்லிவாட் என்று ஒட்டியிருக்கிறது. நம்பலாமா?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: நம்பாதீர்கள். பல பச்சை லேசர்களுக்குள் முதலில் உண்டாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 808 நானோமீட்டர் அலைநீளத்தில். அது ஒரு படிகத்தில் 1064 ஆகி, இன்னொன்றில் பாதியாகி, 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே வருகிறது. மீதி அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும், மலிவானவற்றில் அதை விட்டுவிடுகிறார்கள். 2010-இல் அமெரிக்க அரசின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் அளந்து பார்த்த ஒரு மலிவு லேசரில் பச்சையைவிட அகச்சிவப்பே அதிகம் வந்தது. பச்சை கண்ணைக் கூசினால் இமை தானாக மூடும், அகச்சிவப்புக்கு மூடாது. அதை வைத்து ஜன்னல், கண்ணாடி, யார் முகத்துப் பக்கமும் அடிக்காதீர்கள்.

கேள்வி: சிட்னியில் இருக்கும் பேரனுக்கு நட்சத்திரம் காட்ட ஒரு லேசர் கொண்டுபோகலாமா?
- ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா. ஒரு மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசரை அனுமதி இல்லாமல் ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று 2008 முதல் சட்டம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் அது தடைசெய்யப்பட்ட ஆயுதக் கணக்கில் சேரும். நல்ல பைனாகுலர் ஒன்று கொண்டுபோங்கள். ஜனவரி ராத்திரியில் வடக்கே பாருங்கள், அங்கே ஓரியன் தலைகீழாக நிற்கும், நம் திருவாதிரை கீழே இருக்கும்.