கீழே கடை, மேலே வீடு: காற்றுக்கு வழி எங்கே?

கட்டடங்களில் இயற்கைக் காற்றோட்டம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டடக் கலைஞர் அளிக்கும் பதில்கள்.

கேள்வி: ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில், கரையான் புற்றை முன்மாதிரியாகக் கொண்டு ஏ.சி. இல்லாமலேயே ஒரு வணிக வளாகத்தைக் கட்டியிருப்பதாகப் படித்தேன். அதே முறையில், கீழே கடைகளும் மேலே வீடுகளும் கொண்ட நான்கு மாடிக் கட்டடம் ஒன்றைச் சென்னையில் கட்ட முடியுமா?
– வாசகர், சென்னை

தாங்கள் குறிப்பிடுவது 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் சென்டர். மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர், அரூப் நிறுவனப் பொறியாளர்களுடன் சேர்ந்து அதை வடிவமைத்தார். ஒன்பது மாடி கொண்ட இரண்டு நீண்ட கட்டடங்கள் இணையாக நிற்க, அவற்றின் இடைவெளிக்கு மேலே கண்ணாடிக் கூரை போடப்பட்டிருக்கிறது. கீழே கடைகளும் மேலே அலுவலகங்களும் இயங்குகின்றன.

அங்கே ஏ.சி. கிடையாது என்பது சரிதான். ஆனால் மின்விசிறியும் கிடையாது என்று எண்ணிவிடக் கூடாது. நடுவெளியிலிருந்து விசிறிகள் இழுக்கும் காற்று, செங்குத்தான குழாய்கள் வழியே ஏறி, உள்ளே வெற்றிடம் விட்டு அமைத்த கான்கிரீட் தளங்களுக்குள் புகுந்து, ஜன்னலுக்குக் கீழுள்ள கம்பித் தட்டிகள் வழியே அறைக்குள் வருகிறது. அறையில் சூடேறியதும் கூரையோரத் திறப்புகளில் நுழைந்து, மொட்டை மாடியில் நிற்கும் 48 புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது. இரவில் மணிக்கு ஏறக்குறைய பத்து முறை உள்காற்று முழுவதும் மாற்றப்படுவதால், விடிவதற்குள் கான்கிரீட் குளிர்ந்துவிடுகிறது. பகலில் அது இரண்டு முறையாகக் குறைக்கப்பட, உள்ளே வரும் காற்று தன் சூட்டைக் குளிர்ந்த தளத்திடம் இழந்துவிட்டே அறையை அடைகிறது. தெரு இரைச்சலும் தூசியும் நுழையாதபடி ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறார்கள். ஆக, ஜன்னலைத் திறந்து வைக்கும் கட்டடம் என்ற பொருளில் இதை நாம் பின்பற்ற முடியாது.

புற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நமீபியாவில் கரையான் புற்றுகளை ஆராய்ந்த ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும், கூட்டின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலையையே ஒட்டிச் செல்வதாகவும், புற்றின் முக்கிய வேலை உள்ளே சேரும் கரியமில வாயுவை வெளியேற்றுவதே என்றும் 2008-இல் எழுதினார்கள். புற்று தன் கூட்டைக் குளிர்விக்கிறது என்ற உவமை பிசகினாலும் கட்டடம் வேலை செய்கிறது என்றால், அதற்குக் காரணம் ஹராரேயின் இரவுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்நகரில், வெயில் மிகுந்த அக்டோபரிலும் பகல் உச்சம் 29 டிகிரியையும் இரவின் தாழ்நிலை 15 டிகிரியையும் ஒட்டியே இருக்கும்.

இதைச் சென்னையோடு ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் இந்திய அலுவலகங்களை ஆராய்ந்து உருவாக்கி, 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம்பெற்ற 'ஐமேக்' சூத்திரத்தின்படி, வெளிக்காற்றின் முப்பது நாள் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டினால், இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில் மனிதர்கள் இதமாக உணரும் வெப்பநிலை கிடைக்கும். சராசரி 22 டிகிரியாக உள்ள ஹராரே அக்டோபருக்கு இது 24.7 டிகிரி, இரவுக் காற்று அதைவிடப் பத்து டிகிரி குளிர்ந்திருக்கிறது. சராசரி 33 டிகிரியாக உள்ள சென்னை மே மாதத்துக்கோ இது 30.6 டிகிரி, இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத காற்றைக் கொண்டு கான்கிரீட்டைக் குளிர்விக்கக் கிடைக்கும் இடைவெளி மூன்று டிகிரிகூட இல்லை. ஈரப்பதத்தை இந்தச் சூத்திரம் தனியாகக் கணக்கில் எடுப்பதும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், தங்கள் கட்டடத்தில் யார் எப்போது இருப்பார்கள் என்பதில் இருக்கிறது. அலுவலகம் இரவில் காலியாக இருப்பதால், அங்கே கான்கிரீட் தன் சூட்டைக் கக்கினாலும் யாருக்கும் தொல்லையில்லை. வீட்டில் மனிதர்கள் தூங்கப் போகும் நேரமும், பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் சூட்டைத் திருப்பித் தரும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மேற்குப் பார்த்த படுக்கையறையில் இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே கட்டடத்துக்குள் இரண்டு விதமாக யோசிக்க வேண்டும். பகலில் மட்டும் இயங்கும் தளங்களில் கனத்த கான்கிரீட்டை மறைக்காமல், ஃபால்ஸ் சீலிங் போடாமல் விட்டு, வேனில் தணிந்த மாதங்களிலேனும் இரவுக் காற்றால் அதைக் குளிர்விக்கலாம். வீடுகள் அமையும் தளங்களிலோ, சூட்டைச் சேர்த்து வைக்காத ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலகு கான்கிரீட் கல்) சுவரும், அதன் மேல் நிழலும், எதிரெதிர் ஜன்னல்களும் வேண்டும். மேல்தளத்துக்கு மொட்டை மாடிதான் முதல் எதிரி; சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. வழக்கமான செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தின் மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு பதிப்பது, நான்கு பக்கச் சுவர்களுக்கும் செய்யும் செலவைவிட அதிகப் பலன் தரும்.

கேள்வி: மதுரையில், இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் ஒட்டிய, கிழக்கு பார்த்த மனையில் தரைத்தளத்தில் கடை, முதல் மாடியில் அலுவலகம், இரண்டாம் மாடியில் வீடு கட்டுகிறோம். நடுவில் மூன்று தளத்துக்கும் பொதுவாக ஓ.டி.எஸ். (மேலே வானம் பார்த்துத் திறந்த வெளி) விட்டால் சூடான காற்று தானே மேலேறிப் போய்விடும் என்று எங்கள் பொறியாளர் சொல்கிறார். மழைக்காக மேலே பாலிகார்பனேட் ஷீட் போடலாமா?
– வாசகர், மதுரை

பொறியாளர் சொல்வது இயற்பியல்படி சரி. அளவில்தான் அது சிறியது. பத்து மீட்டர் உயரமுள்ள ஓ.டி.எஸ்.-இல் உள்காற்று வெளிக்காற்றைவிட மூன்று டிகிரி சூடாக இருந்தால், அதனால் உண்டாகும் அழுத்த வேறுபாடு ஒரு பாஸ்கலை (அழுத்தத்தை அளக்கும் அலகு) சற்றே தாண்டும். நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சுவரில் மோதினால் ஐந்து பாஸ்கலுக்கு மேல் கிடைக்கும். ஆனி, ஆடி மாதங்களில் தங்கள் ஊரில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும்போது, மனையின் பின்பக்கம்தான் அதை வாங்கும். எனவே பின்சுவரில் தாராளமாக ஜன்னல் வைத்து, அவற்றுக்கு ஆழமான சன்ஷேடும் செங்குத்து மறைப்பும் கொடுத்து, ஓ.டி.எஸ். பக்கமும் தெருப் பக்கமும் காற்று வெளியேற வழி விடுங்கள். காற்று அசையாத நாளில் மட்டும் ஓ.டி.எஸ். தன் சிறு வேலையைச் செய்யட்டும்.

ஷீட் விஷயத்தில் கவனம் வேண்டும். மேல்வாய் அகலமாகத் திறந்திருக்கும்வரை, ஓ.டி.எஸ். எல்லாத் தளங்களிலிருந்தும் காற்றைத் தன்னிடம் இழுக்கும். வாயை ஷீட்டால் மூடி ஓரத்தில் நான்கு அங்குலம் மட்டும் விட்டால், மேலேறிய காற்றுக்குப் போக வழி போதாது. அது இரண்டாம் மாடி ஜன்னல் வழியே வீட்டுக்குள் திரும்பும். அதாவது கீழே கடையில் இருக்கும் சூடும் வாசனையும் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு வந்து சேரும். கடை உணவகமாக மாறினால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஷீட் போட்டே ஆக வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவருக்கு மேலே இரண்டடி உயர்த்திப் போட்டு, நான்கு பக்கமும் லூவர் (இடைவெளி விட்ட சாய்வுத் தட்டிகள்) வையுங்கள். அந்தத் திறப்புகளின் மொத்தப் பரப்பு, ஓ.டி.எஸ்.-ஐ நோக்கியுள்ள ஜன்னல்களின் மொத்தப் பரப்பைவிடக் குறையக் கூடாது.

என் யோசனை இதையும் தாண்டியது: கடையை ஓ.டி.எஸ்.-இல் சேர்க்கவே வேண்டாம். காற்று ஏறும் அதே வழியில் தீப்பிடித்தால் புகையும் ஏறும். சரக்கு அடைந்த கடைக்கு மேலே குடும்பம் தூங்கும் கட்டடத்தில் அந்தத் துணிச்சல் தேவையில்லை. கடைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் தனி வழி கொடுத்து, ஓ.டி.எஸ்.-ஐ முதல் மாடித் தளத்திலிருந்து தொடங்குங்கள். படிக்கட்டையும் கடைக்குள்ளிருந்து ஏறாமல் தெருவிலிருந்து நேராக ஏறும்படி அமையுங்கள்.

கேள்வி: கடைகளும் குடியிருப்புகளும் சேர்ந்த கட்டடத்தில் ஜன்னல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி ஏதும் உண்டா?
– வாசகர், திருச்சி

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' தொகுப்பு, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கும், கலப்புப் பயன்பாட்டுக் கட்டடங்களின் குடியிருப்புப் பகுதிக்கும் அளவுகளை வகுத்தது. சென்னை, மதுரை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் கொண்ட பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு, வீட்டின் கார்ப்பெட் ஏரியாவில் (சுவர்களுக்கு உட்பட்ட தரைப்பரப்பில்) 16.66 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறது அது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி என்று கொள்ளலாம்.

'திறக்கக்கூடிய' என்ற சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். நான்கடிக்கு நான்கடி யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னல் வரைபடத்தில் 16 சதுர அடியாகத் தெரியும். இரண்டு கதவுகளில் ஒன்று எப்போதும் மற்றதன் பின்னே நிற்பதால் காற்றுக்குக் கிடைப்பது எட்டுதான். அதன் மேல் கொசுவலையும் அடித்தால் இன்னும் குறையும். அதே பரப்பில் கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் ஏறக்குறைய முழுப் பலனையும் தரும். தங்கள் மனை சிறியதாக இருந்து விதி பொருந்தாவிட்டாலும், இந்த அளவைக் கைக்கொள்வதில் நட்டமில்லை.

கேள்வி: கடைக்கு மட்டும் ஏ.சி. வைத்து, வீட்டை இயற்கைக் காற்றில் விட்டால் போதுமா?
– வாசகர், சேலம்

போதும், வெளி யூனிட்டை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. கடையின் வெளி யூனிட்டை முதல் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே மாட்டினால், அது கக்கும் வெப்பம் சுவரோடு ஏறி அந்த ஜன்னல் வழியே உள்ளே போகும். கடை குளிரும் நேரமெல்லாம் வீடு புழுங்கும். குழாயின் நீளம் கூடினாலும் பரவாயில்லை என்று மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள், அல்லது ஜன்னல் இல்லாத படிக்கட்டுச் சுவரில் மாட்டுங்கள். கடையின் கண்ணாடிக் கதவுக்குத் தானாக மூடும் அமைப்பையும் பொருத்துங்கள். வீட்டில் 75 வாட் பழைய மின்விசிறிகளை மாற்றும்போது, 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) வகையை வாங்குங்கள், இரவு முழுதும் ஓடும் அறைகளில் முதலில் மாற்றினால் போதும்.